வெட்டியதை வைத்திருந்த பெட்டி

தீபாவளி போய் அடுத்த அமாவாசைக்கும் ஒரு நாள்தான் பாக்கி, மழை விட்டபாடில்லை. மைசூரில் மழை பார்க்க அழகு என்று அரண்மனைப் பக்கம் குடியிருப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மேட்டகள்ளியில் மழை என்றால் முதலில் சாக்கடை பொங்கும், பிறகு டிரான்ஸ்ஃபார்மர் புகையும். அன்றைக்குச் சாயங்காலம் புகையோடு நிற்காமல் வெடித்தே விட்டது. தெரு முழுக்க இருட்டு. கணேசன் வீட்டு அலமாரிக்குக் கீழே இருந்த யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திப் பார்த்துவிட்டு அடங்கிப் போனது.

காலையில் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, தெருக்கோடி மில்லில் ராகி அரைக்கிற சத்தம்கூடக் கேட்டது. பெட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை.

பெட்டி என்று அந்த வீட்டில் சொல்வது ஒரு கம்ப்யூட்டரைத்தான். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. வயிற்றுக்குள் நாலு பெரிய ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். கணேசன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கொள்ளேகால், ஹனூர், குண்டலுபேட்டை என்று அந்தப் பக்கத்துத் தமிழ்க் கல்யாணமெல்லாம் அவனுக்கு அத்துபடி. அவன் எடுத்து வருவதை வீட்டிலிருந்தே வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுப் படமாக்குவது அவன் மனைவி தாரணி. கேமரா கார்டில் உள்ளது எல்லாம் பெட்டிக்குள் இறங்கும்; இறங்கியதும் கணேசன் கார்டை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடுவான். ஆக, எந்த வீட்டுக் கல்யாணமானாலும் அதன் முழுப் பதிவு இருப்பது அந்த ஒரே பெட்டியில்தான். இதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்களே, அதுவே பெரிய தைரியம்.

அன்றைக்கென்று பார்த்து தேவம்மா வருவதாக இருந்தாள்.

தேவம்மா வீடு ஹனூர்ப் பக்கம். மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். போன வைகாசியில் அவள் மகன் பிரசாந்துக்குக் கல்யாணம் நடந்தது, வீடியோ கணேசன்தான். ஆடி பிறப்பதற்குள் மகள் பூங்குழலி, கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். பிறகென்ன! அப்பன் லிங்கப்பன் வீட்டிலிருந்த அவள் போட்டோவை எல்லாம் அள்ளி அடுப்பில் போட்டான். அதோடு விட்டானா? மகனையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு மைசூருக்கே வந்து, கல்யாண வீடியோவில் அவள் முகம் எங்கேயும் தெரியக்கூடாது என்று நின்றான். இணைச்சீரில் மாப்பிள்ளைக்குச் சரியாக உட்காருகிறவளே அவன் தங்கைதான், அவளை எடுத்துவிட்டால் சீரே இருக்காது என்று தாரணி சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் சீரையும் எடுத்துவிடு என்றான். தாரணி எடுத்தாள். வந்தவர்கள் சொல்வதைச் செய்வதுதானே தொழில். செய்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் கிளம்பும்போது, ஆண்கள் படியிறங்கிய பிறகு, தேவம்மா செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கி நின்றாள்.

"வெட்டுனதயெல்லாம் எங்க கண்ணு போடுவீங்க?"

"எங்கயும் போடமாட்டோம்மா. இங்கயே இந்தப் பெட்டியில இருக்கும்."

பேச்சு அவ்வளவுதான். பிறகு போன வாரம் யார் போனிலிருந்தோ கூப்பிட்டாள். அமாவாசைக்கு நஞ்சன்கூடு நஞ்சுண்டன் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாளாம், சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக மைசூர் பஸ் ஏறுவாளாம், மகளை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம். வெட்டிய நாளிலிருந்து தாரணிக்கும் நெஞ்சில் முள் கிடந்தது. வாங்கம்மா என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு இப்போது பெட்டி எழுந்தாக வேண்டும்.

கணேசனுக்கு இந்தத் துடிப்பு புரியவில்லை. ஃபோன் பண்ணி இன்னொரு நாள் வரச்சொல்லு, சும்மா எதற்கு டென்ஷன் என்றான், பல் விளக்கிக்கொண்டே.

"எந்த போனுக்குப் பண்ணறது? அந்தம்மா பட்டன் போன் அவங்க வீட்டுக்காரர் கையில இருக்கும்," என்றாள் தாரணி. "பொய் சொல்லிட்டு பஸ் ஏறி வர்ற பொம்பளைக்கு இன்னொரு நாள் எங்கருந்துங்க வரும்?"

தொடர்ந்து யு.பி.எஸ். பாட்டரிக்கும் ஒரு பாட்டு விழுந்தது. பாட்டரி வீக்காகிவிட்டது, மாற்று மாற்று என்று ஆடியிலிருந்து சொல்கிறாள். இவன் ஆகட்டும் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினான். கரண்ட் ஆபீசும் திட்டு வாங்கியது, மழையும் வாங்கியது. திட்டிக்கொண்டே டிவியை இழுத்து வந்து பெட்டியில் மாட்டினாள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: துவங்குவதற்கு எதுவும் அகப்படவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசி பஞ்சு பஞ்சாக இருந்தது; பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். கரண்ட் வயரை மாற்றிப் பார்த்தாள். மெமரிப் பட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாள். மைசூரில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரனும் முதலில் செய்கிற வைத்தியம் அதுதான். காசளவு பாட்டரி ஒன்று உள்ளே இருக்கும், அதையும் மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே ஒற்றை வரி. நடுவில் எழுந்துபோய் அடுப்பில் உப்பிட்டை, அதாவது ரவை உப்புமாவை, கிளறிவிட்டு வந்தாள். அடிப்பிடித்த வாசனை வந்தபோது அதையும் கணேசன் கணக்கில் எழுதினாள்.

பெட்டியைச் சேர்த்துக் கொடுத்த கிரணுக்கு ஃபோன் போட்டாள். மைசூரிலேயே ஹெப்பாளில் சின்னக் கடை வைத்திருக்கிற பையன், கன்னடம்தான் பேசுவான், குணத்தில் தங்கம். கடையைத் திறந்துவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் டிஸ்கை மட்டும் யாரும் தொடாதீர்கள் என்றான். இதை தாரணி கணேசனிடம் சொன்னாளா என்றால், சொல்லவில்லை. கோபத்தில் அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

பெண்டாட்டி பேசாமல் இருந்தால் கணேசனுக்குக் கை பரபரக்கும், எதையாவது செய்து நல்ல பேர் வாங்கப் பார்ப்பான். அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்துப் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்கை உருவினான். தாரணி படம் வெட்டுகிற கம்ப்யூட்டரில் மாட்டினான். திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? ஃபார்மேட் என்றால் உள்ளே உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாக்குவது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் அங்கே நின்று யோசிப்பார்கள். கணேசனோ வருஷக்கணக்காக, கேமராவில் கார்டைப் போட்டதும் முதல் காரியமாக ஃபார்மேட் தட்டுகிறவன். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அதே விரல், அதே பழக்கம். மௌஸ் அம்பு 'சரி' என்கிற இடத்துக்குப் போய்விட்டது.

தாரணி கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். கத்தினால் அவன் திடுக்கிட்டு அமுக்கிவிடுவான் என்று அந்த நொடியில் அவளுக்கு எப்படித் தோன்றியதோ, சத்தமே போடாமல் வந்து மௌஸின் வயரைப் பிடுங்கினாள். கரண்டியிலிருந்த உப்பிட்டு மேஜையெல்லாம் சிதறியது.

"அது கார்டு இல்லீங்க," என்றாள்.

கணேசன் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அவன் விஷயத்தில் அது ஒரு சொடுக்கு தூரத்தில் வந்து நின்று போனது. தாரணி டிஸ்கைக் கழற்றிப் பெட்டியில் பழைய இடத்திலேயே மாட்டினாள். பிறகு அவனாக எழுந்து மேஜையைத் துடைத்தான்.

கிரணுக்கு முன்னால் தேவம்மா வந்துவிட்டாள். குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தாள். நெற்றியில் நஞ்சன்கூட்டு விபூதி மழையில் கரைந்திருந்தது. ஒரு பை நிறையத் தோட்டத்து அவரைக்காய் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் பெட்டி குடல் சரிந்து கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்லாமலே பாதி புரிந்துவிட்டது.

தாரணி மழுப்பவில்லை. நேற்று கரண்ட் போனதிலிருந்து பெட்டி எழவில்லை, உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்று இன்னும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னாள்.

"எந்திரிக்குமா அம்மிணி?"

"எந்திரிக்க வைக்கிறேம்மா. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

தேவம்மா காப்பி மட்டும் வாங்கிக்கொண்டாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை. ஒரு முறம் கேட்டு வாங்கி, அவரையை உரிக்க ஆரம்பித்தாள். உரித்த பருப்பைத் தண்ணீரில் போட்டு, தோலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தாள். இருட்டுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும், கடைசி பஸ்ஸை விட்டால் லிங்கப்பன் தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்றாள். அதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

கிரண் வந்தான், தலையில் ஹெல்மெட்டோடே பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டான். ஒற்றை வரியைப் படித்தான். தாரணி செய்த வைத்தியம் எல்லாம் சரிதான், ஆனால் நோய் அதுவல்ல என்றான். இந்தப் பெட்டியின் புத்தி டிஸ்கில் கிடையாது. பின்னால் செருகியிருக்கிற ஒரு குட்டிப் பென் டிரைவில் இருக்கிறது. பெட்டியைப் போடும்போது அதிலிருந்து எல்லாவற்றையும் தலைக்குள் ஏற்றிக்கொள்ளும். ஏற்றிய பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பென் டிரைவ்தான் போயிருக்க வேண்டும் என்று பின்பக்கம் கைவிட்டு உருவினான். கறுப்புப் பென் டிரைவ், அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். உள்ளே சுத்தம், ஒன்றுமே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஆ பென் டிரைவ் அல்ல மேடம்," என்றான் கன்னடத்தில். அவன் செருகிய பென் டிரைவ் இது இல்லையாம்.

தாரணிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுத பூஜை! மைசூரில் ஆயுத பூஜைக்கு எது தப்பும்? பஸ்ஸுக்கு வாழை மரம், ஸ்கூட்டருக்கு மாலை, தராசுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு. தாரணியும் ஒரு குறை வைக்கவில்லை. கேமரா, லென்ஸ், லைட், கத்தரிக்கோல், அத்தனையும் பலகையில் பரப்பினாள். வாடிக்கைக்காரர்களுக்குப் படம் போட்டுக் கொடுக்க மொத்தமாக வாங்கிய கறுப்புப் பென் டிரைவ்களையும் வரிசையாக அடுக்கினாள். பெட்டியை நிறுத்த முடியவில்லை, உள்ளே ஒரு கல்யாணம் இறங்கிக்கொண்டிருந்தது. சோறு போடுகிற சாமி பூஜை இல்லாமல் இருக்கலாமா என்று மனசு கேட்காமல், அதன் பின்னாலிருந்த பென் டிரைவை மட்டும் உருவி, பலகையில் அதன் கூட்டாளிகளோடு வைத்துவிட்டாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கைக்கு வந்த ஒன்றை எடுத்துத் திரும்பச் செருகினாள். பெட்டி அது பாட்டுக்கு ஓடியது. சின்னச் சின்னக் கரண்ட் வெட்டை யு.பி.எஸ். தாங்கிவிட்டது. நிற்காத வரைக்கும் பெட்டிக்குத் தன் புத்தி காணாமல் போனது தெரியவில்லை.

நிஜமான பென் டிரைவ்? அந்த வாரமே அதையும் மற்றதோடு சேர்த்துத் துடைத்து, யார் யாருடைய கல்யாணத்தையோ ஏற்றி, பூ வைத்துக் கொடுத்தனுப்பியாயிற்று.

"நானேதான்," என்றாள் தாரணி. "நானே புடுங்கி, நானே அழிச்சு, நானே குங்குமம் வெச்சு அனுப்பியிருக்கேன்."

காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கணேசனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். மழை, கரண்ட் ஆபீஸ், யு.பி.எஸ். பாட்டரி, அப்புறம் நான், எல்லாரும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கிரண் சிரிக்கவில்லை. வேறொரு பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பி, டிஸ்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் வாசிக்க மட்டும் செய்கிறேன் என்றான். ஆனால் நேற்று கரண்ட் அறுந்ததில் டிஸ்க் அடிபட்டிருந்தால் தன்னால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னான். பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. முதல் டிஸ்கைத் திறந்தான். காலி. ஒரு பேர், ஒரு எழுத்து இல்லை. முறத்தில் அவரை பிதுக்குகிற சத்தம் நின்றுவிட்டது.

கிரண் அவசரமாகக் கையாட்டினான். நாலில் ஒன்று இப்படித்தான் இருக்கும். அது சாமான் வைக்கிற டிஸ்க் இல்லை, மற்றதில் ஒன்று செத்தால் மீட்பதற்கான கணக்கை மட்டும் வைத்திருக்கிற டிஸ்க், திறந்தால் ஒன்றும் தெரியாது என்றான். சொல்லிவிட்டு இரண்டாவதைத் திறந்தான். அது டக் டக்கென்று தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணேசன் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு ஒவ்வொன்றாகப் பேர்கள் இறங்கின: கொள்ளேகால் வளைகாப்பு, குண்டலுபேட்டை ரிசப்ஷன், ஹனூர் பிரசாந்த்.

"இருக்குதும்மா," என்றாள் தாரணி.

தேவம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். நாற்காலி வேண்டாம் என்று டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணேசன் கிரணைக் கூட்டிக்கொண்டு டீக் குடிக்கக் கிளம்பிவிட்டான். அந்த அளவுக்கு அவனுக்கு இங்கிதம் உண்டு.

இணைச்சீர் ஓடியது. தலையில் பேழைமூடியை, சீர்ப்பொருள் வைக்கிற மூங்கில் கூடையின் மூடியை, சுமந்து பூங்குழலி பந்தலுக்குள் வந்தாள், கல்யாணப் பெண் மாதிரியே பட்டும் நகையும் பூவுமாக. அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறு முனை இவள் கையில். யாரோ என்னவோ கேலி பேச, அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தேவம்மா அழுவாள் என்று தாரணி எதிர்பார்த்தாள். அழவில்லை. கண்ணை எடுக்காமல், மகள் தலைமுடியிலிருந்து மருதாணி வரைக்கும் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை என்று விரலால் காட்டினாள்.

இதை ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், எங்கேயாவது மறைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் தாரணி. தேவம்மா தலையாட்டி மறுத்தாள்.

"எங்கூட்டுல அதுக்கு எடமில்ல கண்ணு. அரிசிப் பானைக்குள்ள வெச்சாலும் அவரு கண்ணுக்குத் தப்பாது. இங்கயே இருக்கட்டும். அமாவாசைக்கு அமாவாசை நஞ்சுண்டன் கூப்புட்டா வர்றேன்."

இருக்கும்மா என்று தாரணி சொன்னாள். கண்டிப்பாக இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி, இன்றைக்கே, சோறு தின்பதற்கு முன்னாலே என்று மனசுக்குள் முடிவு கட்டினாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தேவம்மா எழுந்து குடையை எடுத்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். கேட்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தயக்கம்.

"அவ சாப்புட்ட எடம் எங்கயாச்சும் இருக்குதா?"

தாரணிக்குப் புரியவில்லை.

"சீருக்கு உக்காரணும்னு வெடியறதுக்கு முந்தியிருந்து பச்சத் தண்ணி குடிக்கல அவ. எனக்கு வந்த சனத்தப் பாக்கவே சரியாப் போச்சு. அன்னிக்கு எம்புள்ளய வந்து சாப்புடுன்னு ஒரு வார்த்த கூப்புடல நானு. ராத்திரி மண்டபத்துல ஒரு மூலையில சுருண்டு படுத்திருந்தா, தூங்கறான்னு விட்டுட்டேன். தின்னாளா திங்கலயான்னு இன்னிவரைக்கும் தெரியாது."

பந்திப் படங்களை யாரும் பார்ப்பதில்லை. வாயில் சோறோடு எங்களை ஏன் எடுத்தாய் என்று சண்டைக்குத்தான் வருவார்கள். எந்தக் கல்யாணமானாலும் தாரணி முதலில் வெட்டி ஒதுக்குவது பந்தியைத்தான். அந்த ஒதுக்கலைத் திறந்தாள். சாம்பார் வாளிகள், இலைகள், யார் யாரோ மெல்லுகிற வாய்கள். முதல் பந்தியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தேவம்மா குடையைப் பிடித்தபடி நின்றாள். பஸ் போகும் என்று தாரணியும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. பந்தி ஒவ்வொன்றாக ஓடியது. கூட்டம் குறைந்தது. பாதி இலைகள் எடுத்தாயிற்று. கடைசி வரிசையில், சுவரோரமாக, அதே பட்டுச்சேலை.

பூங்குழலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இலையில் சோற்றைக் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தாள். கேமராவைப் பார்த்ததும் இடது கையால் போ, போ என்று விரட்டினாள். கேமரா போகவில்லை. அவள் சிரித்துவிட்டு, பரிமாறுகிறவனை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி இலையைக் காட்டினாள். அவன் போட்டான். அவள் அள்ளிச் சாப்பிட்டாள்.

"ரெண்டாஞ்சோறு வாங்கறா," என்றாள் தேவம்மா. குடை கையிலிருந்து நழுவிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகத் திரையைத் தொட்டாள்.

"பசியோட படுக்கல கண்ணு, எம்புள்ள."

தாரணி அந்தக் கடைசிப் பந்தியை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டாள்.